திருத்திய அறிவித்தல்

நான் தடக்குப்படாமல் தமிழ் வாசிக்கப் பழகியது இறந்துபோனவர்களின் புண்ணியத்தில். இதைச் சொன்னால் என்னோடு வேலை செய்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அதற்கு நான் என்ன செய்ய? எங்கள் வீட்டில் புத்தகம் என்று இருந்தது ஒரு செபப் புத்தகமும் போன வருடத்துக் கலண்டரும்தான். மரண அறிவித்தல்களோ நாள் தவறாமல் வந்தன.

எங்கள் வீடு ஊர்காவற்றுறையில், கடற்கரையோரம். அப்பா நண்டு வலை போடுகிறவர். காலையில் அவர் கரைக்கு வந்ததும் அம்மா பூவரச மர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றத் தொடங்குவார். அவருடைய இரண்டு கையும் வலைக்குள் இருக்கும். ஆகவே, சித்தப்பா பிரான்சிலிருந்து அனுப்பிய, கண்ணாடியில் குறுக்கே வெடிப்பு விழுந்த போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலை. முதலில் திறப்பது மரண அறிவித்தல் பக்கம். உலகத்தின் எந்த மூலையில் யாழ்ப்பாணத்தார் ஒருவர் கண்ணை மூடினாலும் சுடச்சுடப் படத்தோடு அங்கே வந்துவிடுவார்.

"கரம்பொன் இருக்கோ?" என்று கேட்பார் அம்மா.

கரம்பொன் அம்மா பிறந்த ஊர். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணித்தியாலம். நான் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு "இல்லை" என்பேன். "சரி, மற்றதுகளை வாசி" என்று அவர் வலைக்குள் குனிந்துகொள்வார். நானும் வாசிப்பேன். புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், நெடுந்தீவைப் பிறப்பிடமாகவும் ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். ஒஸ்லோ எங்கே இருக்கிறது என்று எங்கள் சமூகக்கல்வி ரீச்சருக்கு முன்பே எனக்குத் தெரியும்.

மத்தியானம் அதே ஆட்கள் வானொலியில் வருவார்கள், சோக இசையோடு. பின்னேரம் நான்கு குழாய் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் ஊர் ஊராக வருவார்கள். எங்கள் தீவில் ஒருவர் மூன்று தரம் சாகவேண்டும்: போனில், ரேடியோவில், ரோட்டில். அதற்குப் பிறகுதான் எரிக்கவோ புதைக்கவோ விடுவார்கள்.

மற்றப் பிள்ளைகள் சினிமாப் பாட்டு முணுமுணுக்கும்போது நான் அந்தச் சோக இசையை முணுமுணுப்பேன். பக்கத்து வீட்டு மாமியின் சேவல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டிக்குள் போனபோது, "பதினொரு பேடுகளின் அன்புக் கணவரும், எண்ணற்ற குஞ்சுகளின் பாசமிகு தந்தையுமாகிய சேவல் அவர்கள் நேற்றுக் குழம்பானார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று கொப்பித்தாளில் எழுதி மாமியின் படலையில் ஒட்டினேன். மாமி அடிக்க ஈர்க்கோடு வந்தார். அப்பா சிரித்த சிரிப்பில் பீடி கீழே விழுந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தாளை வாங்கி நிதானமாக வாசித்துவிட்டு, "ஒருத்தரையும் விடாமல் எழுதியிருக்கிறாய்" என்றார். அது பாராட்டா ஏச்சா என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மாத்திரம் எங்கள் வாசிப்பு அவசரமாக முடியும். அன்றைக்கு அம்மாவுக்குப் பிறசர் கிளினிக். நண்டு மணம் போக இரண்டு தரம் சோப் போட்டுக் குளித்து, தலை இழுத்து, நல்ல சேலை உடுத்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் வருவார். மற்ற வீட்டு அம்மாமார் கிளினிக்குப் போய்வந்தால் களைத்துச் சோர்ந்து படுப்பார்கள். எங்கள் அம்மா முகம் தெளிந்து வருவார். நல்ல மருந்து கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மாவின் வீட்டார் கரம்பொன்னில் காணி பூமி உள்ள சைவக்காரர். யுத்தத்தால் எல்லோரும் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் நெருக்கியடித்துக் கிடந்த காலத்தில் அம்மா அப்பாவைக் கண்டார். அப்பா வேதக்காரர், கடல்தொழில் செய்கிறவர். எது பெரிய குற்றம் என்று அந்த வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அம்மா அவரோடு போய் மாதா கோயிலில் மாலை மாற்றினார். அன்றிலிருந்து கரம்பொன் வீட்டில் அவருடைய பெயரைச் சொல்லக்கூடாது என்பது பெரிய மாமாவின் கட்டளை. பெரிய மாமா மூத்தவர், கொழும்பில் உத்தியோகம். அடுத்தவர் பெரியம்மா. கல்யாணம் செய்யாமல் அம்மப்பாவைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தார். மூன்றாவது அம்மா. கடைசி, கனடாவில் இருக்கிற சின்ன மாமா. இவர்களில் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. கால் மணித்தியாலச் சைக்கிள் தூரம்தான்.

எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, ஒரு புதன்கிழமை காலை அம்மா வழக்கம்போலக் கேட்டார்: "கரம்பொன் இருக்கோ?"

இருந்தது. நெற்றியில் திருநீறு பூசிய ஒரு முதியவரின் படம். கரம்பொன்னைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட என்று நான் உற்சாகமாகத் தொடங்கிவிட்டேன். இரண்டாவது வரியில் பெரிய மாமாவின் பெயர் வந்தபோதுதான் யாருடைய சாவை வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்று விளங்கியது. நிறுத்தினேன்.

"வாசி" என்றார் அம்மா.

முழுதாக வாசித்தேன். நாளை மத்தியானம் கிரியைகள், பிறகு தகனம்.

"பிள்ளையளின்ரை பேரை மட்டும் திருப்பி வாசி."

மூன்று பெயர்களை வாசித்தேன்.

"அதுக்குப் பிறகு?"

"மருமக்கள் அம்மா."

"அதுக்கு இடையிலை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

அம்மா ஒரு நண்டின் காலை உடைத்துவிட்டார். அதற்கு முன் அவர் ஒருநாளும் நண்டுக்கால் உடைத்து நான் கண்டதில்லை. பிறகு வேலையைத் தொடர்ந்தார். மத்தியானம் வானொலியிலும் மூன்று பெயர்தான் வந்தது. அப்பா எழுந்து அதை நிறுத்தப் போனார். "விடுங்கோ, கேப்பம்" என்றார் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மப்பா செத்ததற்கு நான் துக்கப்பட்டேன் என்று சொன்னால் பொய். எனக்குத் தெரியாத ஒரு மனிதர் அவர். ஆனால், ஆயிரம் அறிவித்தல் வாசித்தவள் நான். ஒஸ்லோவில் இருக்கிற பூட்டப்பிள்ளையின் பெயரைக்கூட விடாமல் போடுகிற ஊரில், கூப்பிடுதூரத்தில் உயிரோடு இருக்கிற மகளை விட்டுவிட்டு எண்ணிக்கை சரி என்று நிற்கிறார்களே, அதுதான் எனக்கு எரிந்தது. நாளை மத்தியானம் அவரை எரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அம்மா மகள் என்று போய் நிற்பதற்கு ஓர் இடமே இருக்காது.

"நீங்கள் போகேல்லையோ அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"ஏன்? பெரிய மாமாவுக்குப் பயமோ?"

"நான் போய் நிண்டா அங்கை ஒராளுக்குக் கரைச்சல். பேசாமல் இரு."

பெரிய மாமாவுக்குக் கரைச்சல் வந்தால் வரட்டுமே என்று நினைத்தேன்.

முதலில் போனில் இறங்கினேன். அறிவித்தலுக்குக் கீழே இரங்கல் எழுத ஒரு பெட்டி இருக்கும். வெளிநாடுகளிலிருந்து மெழுகுதிரிப் படமும் கூப்பிய கையும் வந்து குவிந்திருந்தன. அதற்குள் நான், 'அன்னாருக்கு நான்கு பிள்ளைகள். மூன்றாவது மகள் ஊர்காவற்றுறையில் உயிரோடு இருக்கிறார்' என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அதைக் காணவில்லை. திரும்ப எழுதினேன். திரும்பக் காணவில்லை. மூன்றாம் தரம் அம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதினேன். பெட்டியையே பூட்டிவிட்டார்கள். யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு கதிரையில் இருந்துகொண்டு என் அம்மாவை விரலால் அழித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்க எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கிணற்றுக்குள் எறிந்திருப்பேன். சித்தப்பாவின் போன் என்பதால் எறியவில்லை.

பின்னேரம் ஓட்டோ வந்தது. அந்த ஓட்டோக்காரரை ஊர் முழுக்க அறிவித்தல் அண்ணை என்றுதான் கூப்பிடும். கோயில் திருவிழா, தண்ணீர் வராத நாள், காணாமல்போன ஆடு, சாவு எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லுவார். அவர் எங்கள் ஒழுங்கையைக் கடந்து மூன்று பெயரைச் சொல்லிக்கொண்டு போனபோதுதான் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்களில் முதல் அறிவித்தலில் யாராவது ஒருவரின் பெயர் விடுபடாத சாவே கிடையாது. சம்பந்தி கோபிப்பார், இரண்டாம் மருமகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார். ஆகவே, அடுத்த சுற்றில் 'திருத்திய அறிவித்தல்' என்று இன்னொரு தாள் கொடுத்துவிடுவது வழக்கம். அதை யாராவது ஒரு பிள்ளைதான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கும். யாரும் விசாரிப்பதில்லை.

கொப்பியில் நடுத்தாளைக் கிழித்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். அம்மப்பாவின் அறிவித்தலை முதலிலிருந்து கடைசி வரை என் ஆகச் சிறந்த எழுத்தில் எழுதினேன். பிள்ளைகள் நால்வர், வயது வரிசையில். அம்மாவை முன்னுக்கும் போடவில்லை, பின்னுக்கும் போடவில்லை. பெரியம்மாவுக்கும் சின்ன மாமாவுக்கும் நடுவில், அவர் பிறந்த இடத்தில் போட்டேன். மருமக்களில் அப்பாவின் பெயரை, அதிலுள்ள அந்தோனியார் உட்பட, முழுதாக எழுதினேன். பேரப்பிள்ளைகளில் கடைசியாக என் பெயர்.

வியாழக்கிழமை காலை சந்தியில் அறிவித்தல் அண்ணை தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். தாளை நீட்டினேன்.

"திருத்தமாம். ஒரு பேர் விடுபட்டுப் போச்சுதாம். மாமா தந்துவிட்டவர்."

"எந்தச் சாவிலை விடுபடேல்லை? செத்தவர் நிம்மதியாப் போயிடுவார், பேர் எழுதிறவனுக்குத்தான் சீவன் போறது" என்று சொல்லிக்கொண்டே வாங்கினார். கண்ணாடியைப் போட்டு ஒரு தரம் வாசித்தார்.

"பிழை ஒண்டும் இல்லை. எழுத்தும் வடிவாயிருக்கு. நீர் ஆரின்ரை பிள்ளை?"

"செத்தவரின்ரை பேத்தி" என்றேன். அன்று காலை நான் சொன்னதில் அது மட்டும் பொய்யில்லை.

வீட்டுக்கு வந்து, ஒன்றும் தெரியாதவள்போல அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினேன். அப்பா கொஞ்சம் தள்ளி இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. அது துறைமுகப் பக்கம் போய், திரும்பி, எங்கள் பக்கம் வந்தது. "திருத்திய மரண அறிவித்தல்" என்று தொடங்கியது. பெரிய மாமாவின் பெயர். பெரியம்மாவின் பெயர். அதற்குப் பிறகு, நான்கு குழாயிலும், கடலுக்கே கேட்கத்தக்கதாக, அம்மாவின் பெயர்.

அப்பா எழுந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் அவருடைய பெயரும் வந்தது. அந்தோனியாரோடு. அப்பா சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். ஏதோ ஒன்று செய்ய வேண்டும், என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அம்மா என்னைப் பார்த்தார். "ஆர் குடுத்தது?"

"நான்தான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பளார் என்று கன்னத்தில் ஒரு அடி விழுந்தது. அம்மா எனக்கு அடித்தது அது ஒரு தரம்தான். நான் அழவில்லை. பொய் சொன்னதற்கு அடி, சரி, வாங்கிக்கொள்கிறேன். பெயர் ஊர் முழுக்கப் போய்விட்டது, அதை யாராலும் திருப்பி எடுக்க ஏலாது. அம்மா கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. பிறகு வலையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"முகத்தைக் கழுவிக்கொண்டு வா" என்றார்.

அம்மா வெள்ளைச் சேலை உடுத்தார். என்னைக் கரியரில் ஏற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். அப்பா மற்றச் சைக்கிளில் பின்னால் வந்தார். "நான் வாசலிலை நிக்கிறன். உள்ளை வந்து உனக்குச் சண்டை கொண்டுவரேல்லை" என்று சொல்லி, கரம்பொன் வீட்டுப் படலையடியில் இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

முற்றம் முழுக்கப் பந்தல், வாடகைக் கதிரைகள், சனம். பறை அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கும் மேலால், கொட்டிலில் கட்டியிருந்த ஒரு செவலை நாய் உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் குலைத்துத் தொண்டை கட்டிப்போயிருந்தது. வாசல் படியில் பெரிய மாமா, தோளில் சால்வையோடு. படங்களில் பார்த்ததைவிடக் கட்டையாக இருந்தார். அவருக்குப் பக்கத்தில் மூன்றுகால் வைத்து ஒரு கமரா. சின்ன மாமாவுக்கு வர முடியாததால் எல்லாம் அப்படியே கனடாவுக்கு நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது.

"நீ ஏன் வந்தனீ?" என்றார் பெரிய மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. "அறிவித்தல் கேட்டு வந்தனான் அண்ணை. உற்றார், உறவினர், நண்பர் எண்டு மூண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறியள். முதல் ரெண்டிலையும் என்னைச் சேர்க்க விருப்பமில்லையெண்டால் மூண்டாவதிலை சேருங்கோ."

கமராக்காரப் பெடியன் சத்தம் வந்த பக்கம் கமராவைத் திருப்பினான். அவனுக்குத் தொழில் தெரியும். பெரிய மாமா அம்மாவைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார். கனடா, லண்டன், ஒஸ்லோ எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு ஒரு பக்கமாக விலகினார். புதன்கிழமை அம்மாவை அழித்த அதே கண்ணாடிதான் வியாழக்கிழமை வழிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. செத்த வீடு என்று அடக்கிக்கொண்டேன்.

நாங்கள் கொட்டிலைக் கடந்தபோது அந்த நாய் குலைப்பதை நிறுத்தியது. அம்மாவைக் கண்டு வாலை ஆட்டியது. வெறுமனே ஆட்டவில்லை, உடம்பு முழுவதையும் ஆட்டியது. கயிற்றை இழுத்து, முனகி, முன்னங்காலைத் தூக்கி அம்மாவின் சேலையைப் பிடிக்கப் பார்த்தது. எனக்குப் புல்லரித்தது. பார்த்தீர்களா, மனிதர் மறுத்தாலும் நாய்க்கு இரத்தவாசம் தெரியும் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. பெரிய மாமாவும் அந்த நாயைத்தான் பார்த்தார். நாயைப் பார்த்துவிட்டு, உள்ளே அம்மப்பாவின் தலைமாட்டில் இருந்த பெரியம்மாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பெரியம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அம்மா போய் அம்மப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையைப் பற்றி நான் எழுதமாட்டேன். அது அவருடையது.

கிரியை நடந்தது. கடைசியில் ஐயர், "பேரப்பிள்ளையள் பந்தம் பிடிக்க வாங்கோ" என்று கூப்பிட்டார். பெரிய மாமாவின் இரண்டு மகன்மாரும் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு முன்னே போனார்கள். நான் தூணோடு ஒட்டி நின்றேன். அறிவித்தலில் என் பெயர் போட்டது நானேதான், அதை வைத்துக்கொண்டு முன்னே போகிற துணிவு எனக்கு இல்லை.

பெரியம்மா எழும்பினார். மெலிந்த, நரைத்த, ஒருவரும் கவனிக்காத மனிசி. நேராக வந்து என் கையைப் பிடித்தார்.

"இன்னும் ஒராள் இருக்கு ஐயா" என்றார்.

"நீ பேசாமல் இரு" என்றார் பெரிய மாமா.

"இவ்வளவு நாளும் பேசாமல்தானே அண்ணை இருந்தனான்" என்று சொல்லி, என் கையில் நெய்ப்பந்தத்தைத் தந்தார். என் கழுத்தில் சிலுவை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைக்குள் போடச் சொல்லி யாரோ ஒரு மாமி சைகை காட்டினார். நான் போடவில்லை. மூன்றாவது பந்தத்தை நான் பிடித்துக்கொண்டு அம்மப்பாவைச் சுற்றி வந்தேன். பெரியம்மாவின் கை கடைசி வரை என் தோளில் இருந்தது. பெரிய மாமா நின்ற பக்கம் அவர் ஏன் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை என்று நான் யோசிக்கவில்லை.

பிரேதம் போனபின் நாங்கள் வெளிக்கிட்டோம். யாரோ நாயை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அது படலை வரை எங்களோடு வந்தது. "ஜிம்மி, போ, உள்ளை போ" என்று அம்மா அதட்டினார். அது உடனே திரும்பிப் போனது. தீவுப்பகுதியில் பாதி நாய்களுக்கு ஜிம்மி என்றுதான் பெயர். அம்மா நன்றாக ஊகித்துவிட்டார் என்று நினைத்தேன். வீடு வரை கரியரில் இருந்துகொண்டு காலை ஆட்டிக்கொண்டே வந்தேன். நான் வென்றுவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு பெரிய மாமா வீட்டைப் பூட்டி, பெரியம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். இந்தத் தீவை விட்டுக் கொழும்பில் மாடிவீட்டில் இருக்கப்போகிறார், கொடுத்துவைத்த மனிசி என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மா கிளினிக்குப் போவதும் நின்றுபோனது. பிறசர் மாறிவிட்டது என்று அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அம்மா திடீரென்று குளித்து, நல்ல சேலை உடுத்துச் சைக்கிளில் போனார். வரும்போது எலும்பும் தோலுமான ஒரு செவலை நாய் கயிற்றில் கட்டப்பட்டுப் பின்னால் ஓடி வந்தது.

"என்ன, கிளினிக்கிலை இப்ப நாயும் குடுக்கினமோ?" என்றார் அப்பா.

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பகிடியில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்காவிட்டாலும் நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஜிம்மி எங்களோடு ஆறு வருடம் இருந்தான். அவன் செத்த அன்று அம்மாவைச் சிரிக்கவைக்கலாம் என்று நான் போனை எடுத்து அவனுக்கு ஓர் அறிவித்தல் எழுதத் தொடங்கினேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. "கரம்பொன்னைப் பிறப்பிடமாகவும், ஊர்காவற்றுறையை வதிவிடமாகவும் கொண்ட" என்று வாசித்தேன்.

"பிறப்பிடம் கரம்பொன் இல்லை. நாரந்தனை" என்றார் அம்மா. "குட்டியா மழையிலை கிடந்தவனை அக்காதான் தூக்கிக்கொண்டு வந்தவ. ஒரு கண் திறக்கேல்லை. பால் பருக்கினது நான்."

"நீங்களோ? எப்ப?"

அம்மா பூவரச மரத்தடியில் இருந்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார். அம்மப்பா படுக்கையில் விழுந்தபின், மூன்று வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெரியம்மா பின்கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். அம்மப்பாவுக்குச் சவரம் எடுத்து, தலை துடைத்து, கஞ்சி பருக்கியது அம்மா. அம்மப்பா முதல் மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாராம். பிறகு வெள்ளிக்கிழமை என்றால் விடியவே திருநீறு பூசச் சொல்லிக் கேட்பாராம். மாமாவுக்குத் தெரிந்தால் பெரியம்மாவுக்கு அந்த வீட்டில் இடமில்லை. சோறு போடுகிறவர் அவர்தான். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. சேவலின் சாவைக்கூடப் படலையில் ஒட்டுகிற பிள்ளையிடம் யார் இரகசியம் சொல்வார்கள்?

"அண்டைக்கு உனக்கு அடிச்சது பொய் சொன்னதுக்கில்லை" என்றார் அம்மா. "நீ என்ரை பேரைப் போட்டாய். பேர் இல்லாமல்தான் பிள்ளை நான் அந்த வீட்டுக்குள்ளை போய்வந்து கொண்டிருந்தனான்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கமாட்டேன். பெற்ற தகப்பனைப் பார்க்க ஒரு மகள் நண்டு மணத்தைக் கழுவிக்கொண்டு பின்கதவால் போகவேண்டும் என்றால், அந்தக் கதவைப் பற்றி நாலு குழாயில் சொல்லத்தான் வேண்டும். திரும்பவும் பன்னிரண்டு வயது வந்தால் திரும்பவும் எழுதுவேன், அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு. ஆனால் அன்றைக்கு எனக்கு எழுத்து ஓடவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"எழுது" என்றார் அம்மா. "வளத்தவவின்ரை பேரை விட்டிடாதை."

பெரியம்மாவின் பெயரை முதலில் போட்டேன். பெரியம்மாவிடம் போன் இல்லை. ஆகவே, ஜிம்மியின் அறிவித்தலைப் படத்தோடு, அம்மப்பாவின் அறிவித்தலில் தொடர்புக்கென்று போட்டிருந்த பெரிய மாமாவின் இலக்கத்துக்கே அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

பன்னிரண்டு வயதில் எனக்கு எல்லா அறிவித்தலும் வாசிக்கத் தெரியும். விடுபட்ட பெயர் எது என்று உடனே கண்டுபிடிப்பேன். அந்தத் தாளில் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக அச்சாகியிருந்த மூன்று பெயர்களில் ஒன்று, வெள்ளிக்கிழமை தோறும் அண்ணனுக்குப் பயந்து பயந்து என் அம்மாவுக்குக் கதவு திறந்துவிட்ட பெயர் என்பதை மட்டும் எனக்கு வாசிக்கத் தெரிந்திருக்கவில்லை.